லிமிட் மேசையில் டாக்டரையா

நான் சனிக்கிழமைகளில் கொழும்புக்குப் போய்ப் போக்கர் விளையாடத் தொடங்கி மூன்று வருடமாகிறது. உக்குவளையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு நான் ஒரு ஹோட்டலில் வாரக்கடைசிக் கணக்கு வேலை செய்பவள். அதிகாலை நான்கு மணிக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் முதல் பஸ் புறப்படும். பத்து மணிக்கு கசினோ மேசையில் உட்கார்ந்தால் பின்னேரம் ஐந்து மணிக்கு எழும்பிவிடுவேன். தோற்றிருந்தாலும் ஐந்து மணி, வென்றிருந்தாலும் ஐந்து மணி.

கசினோ எனக்குப் புதிதல்ல. எல்கடுவையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது, கொழும்பில் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறு கிழமைப் பயிற்சிக்குப் பிறகு சீட்டுப் போடும் டீலர் ஆனேன். அந்த உடுப்பில் பை இருக்காது. மேசையை விட்டு எழும்பும்போது இரண்டு கைகளையும் விரித்து, மேலே இருக்கும் கமராவுக்குக் காட்ட வேண்டும். கலியாணம் முடித்த பிறகும் வீட்டில் இருக்கும்போது சில நேரம் என்னை அறியாமலே அப்படிக் கையை விரித்துக் காட்டுவேன். என் கணவர் சிரிப்பார்.

எட்டு வருடம் மற்றவர்களுக்குச் சீட்டுப் போட்டதில் ஒன்று விளங்கியது. ரூலட் சக்கரத்திலும் மற்ற மேசைகளிலும் ஆள் விளையாடுவது கசினோவோடு. கசினோவை யாரும் நெடுநாள் வெல்ல முடியாது. போக்கர் மட்டும் வேறு. அங்கே விளையாடுபவர்கள் ஒருவருக்கொருவர் எதிர். கசினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கைச் சிறிதாக எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். அதிலும் லிமிட் என்று சொல்லும் ஆட்டத்தில் ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டலாம் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. யாரும் கைக்காசு முழுவதையும் ஒரே ஆட்டத்தில் நடுவில் தள்ள முடியாது. ஆகவே யாரும் ஒரே நாளில் அழிவதில்லை. அதனால்தான் அந்த மேசைக்கு வருகிறவர்கள் அது ஆபத்தில்லாதது என்று நினைக்கிறார்கள்.

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், என் கணவர் தன்னுடைய த்ரீவீலரைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நகர்ந்தபோது பின்னால் வந்த லொறி மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். பிறகு வீட்டில் கட்டில். நான் மாத்தளை டவுனில் ஒரு மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சம்பளத்தில் மருந்தும் பேம்பர்ஸும் வாங்கினால் அரிசி வாங்க முடியாது; அரிசி வாங்கினால் மருந்தைப் பாதியாக்க வேண்டும். ஒரு மாதம் மருந்தைப் பாதியாக்கினோம். வலியில் அவர் தலையணையைக் கடித்த சத்தம் கேட்டது. அடுத்த சனிக்கிழமை, அலுமாரியில் இருந்த ஒரே ஒரு வளையலை விற்ற காசோடு நான் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். நான் வேலை செய்த இடத்துக்குப் போகவில்லை. யாருக்கும் என்னைத் தெரியாத வேறொரு கசினோவுக்குப் போனேன்.

வெல்வதற்கு நான் செய்தது என்னவென்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். கையில் இரண்டு சீட்டு வரும். அதைப் பார்த்துவிட்டுப் பத்தில் எட்டுத் தடவை காசு கட்டாமல் திருப்பிப் போட்டு விலகிவிடுவேன். மற்றவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். காசைக் கொண்டுவந்து, நேரத்தைக் கொண்டுவந்து, சும்மா உட்கார்ந்திருக்க அவர்களால் முடியாது. ஒரு சின்னத் தொகைதானே, அடுத்த சீட்டைப் பார்ப்போமே என்று கட்டுவார்கள். அடுத்ததையும் பார்ப்பார்கள். அந்தச் சின்னத் தொகைகளில்தான் நான் வாழ்ந்தேன். முகத்தைக் கழுவாமல் முதல் நாள் இரவிலிருந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில், சாயம் போன சல்வாரோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்து, எதையும் கட்டாமல் சீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால், பயந்தவள் என்று நினைப்பார்கள். அவர்கள் அப்படி நினைப்பது எனக்கு நல்லதாக இருந்தது. நல்ல சீட்டோடு நான் கட்டும்போதும் அவர்கள் நம்பவில்லை.

சில சனிக்கிழமை தோற்பேன். தொடர்ந்து ஐந்து கிழமை தோற்றதும் உண்டு. ஆனால் மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் கடைச் சம்பளத்தில் முக்கால் அளவு மிஞ்சியது. மருந்து முழுதாக வாங்கினோம். காற்று மெத்தை ஒன்று வாங்கினோம். கணவரின் முதுகில் இருந்த புண் ஆறத் தொடங்கியது.

அப்போதுதான் டாக்டரையா வந்தார்.

அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிஸ்பென்சர். லயத்து ஜனங்கள் எல்லாருக்கும் அவர் டாக்டரையாதான். என் தம்பிக்கு மூன்று வயதில் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி இழுத்தபோது, கொட்டும் மழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடி வந்தவர். தம்பி இன்று டுபாயில் வேலை செய்கிறான். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் கொடுத்துவிட்டு ரத்தொட்டைப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை என் எதிரே, டீலருக்கு இடது பக்கம், அரைக்கை வெள்ளைச் சட்டையும் பையில் பேனையுமாக அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ மேல் டிவிசன் கங்காணியோட மகள்தானே?"

"ஆமாங்க டாக்டரையா."

"இங்க என்ன புள்ள செய்ற?"

"நீங்க செய்றதுதாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். மேசையில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. அன்று பின்னேரம் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கடுகண்ணாவையில் பஸ் நின்றபோது எனக்கு வடையும் ப்ளேன்டீயும் வாங்கித் தந்தார். போனில் இலவச ஆட்டம் ஒன்றில் பழகியதாகவும், அதில் தான் கெட்டிக்காரன் என்றும் சொன்னார். வீட்டில் கொழும்பு இருதயக் கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"நாப்பது வருசம் மத்தவன் நாடியப் புடிச்சுப் பாத்தாச்சு. இனி எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே" என்றார்.

"நீங்க வர்ற சீட்டு எல்லாத்துக்கும் கட்டுறீங்களே டாக்டரையா."

"நாலு மணித்தியாலம் பஸ்ல வந்து சும்மா குந்தியிருக்கச் சொல்றியா? பெரிசா ஒண்ணும் போகாதும்மா. இது லிமிட்டு."

வீட்டுக்கு வந்து, டாக்டரையா என் மேசையில் உட்கார்ந்து தோற்கிறார் என்று கணவரிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மேசையில இருந்து எழும்பிப் போயிரு" என்றார் முதலில். கொஞ்சம் கழித்து, "ரெண்டு மேசைதானே இருக்குன்னு சொன்ன. மத்தது பெரிய ஆட்டம் இல்லியா?" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "நீ எடுக்காட்டி பக்கத்துல இருக்கிறவன் எடுக்கப் போறான்" என்றார். அந்த மூன்றாவதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டரையா எல்லாச் சனிக்கிழமையும் வந்தார். இரண்டாம் மாதத்துக்குள் அவரை நான் முழுதாகப் படித்துவிட்டேன். கையில் ஒன்றுமில்லாதபோது டீலரோடு சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரிப்பார். நல்ல சீட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டுக்குப் போய் நாடி பார்க்கும். அது அவருக்கே தெரியாது. விரல் மணிக்கட்டுக்குப் போனால் நான் சீட்டைத் திருப்பிப் போட்டுவிடுவேன். பகிடி விட்டால் கட்டுவேன். அவ்வளவு எளிது. மேசையில் எட்டுப் பேர் இருந்தாலும் என் லாபத்தில் பாதிக்கு மேல் அவரிடமிருந்து வந்தது.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் மட்டும் சீட்டுச் சீட்டாக நினைவிருக்கிறது. என் கையில் இரண்டு ஒன்பது. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரித்த முதல் மூன்று சீட்டில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. ராஜாவும் நாலும் ஆட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டு. நான்காவதாக இன்னொரு ஆட்டின் விழுந்ததும் டாக்டரையாவின் விரல் மணிக்கட்டுக்குப் போனது. அவர் கையில் இருப்பதோடு சேர்த்து ஐந்து ஆட்டின் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. வழமையாக அந்த இடத்தில் விலகுவேன். ஆனால் அடுத்த சீட்டு பொருந்தினால் என் கை அவருடையதை வெல்லும். நடுவில் இருந்த காசுக்கு அது இழப்பில்லாத கணக்கு. கடைசியாக இன்னொரு ராஜா வந்தது. மூன்று ஒன்பதும் இரண்டு ராஜாவும் எனக்குச் சேர்ந்தது. அவர் கட்டினார். நான் கூட்டினேன். அவர் இன்னும் கூட்டினார். நான் விதி விடும் கடைசி அளவுவரை கூட்டினேன். அவர் கட்டிவிட்டுச் சீட்டைத் திருப்பினார். நானும் திருப்பினேன்.

என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில், "நம்ம ஊர்ப் பிள்ளை. சின்னதில் நான்தான் மருந்து கொடுத்தேன்" என்று சொன்னார். குரலில் கோபம் இல்லை. பெருமை இருந்தது. காசுக்குப் பதிலாகக் கட்டும் சிப்ஸ் வில்லைகளை என் பக்கம் இழுத்தேன். நிறம் பிரித்து அடுக்கினேன்.

அன்று பஸ்ஸில் சொன்னேன்: "டாக்டரையா, அடுத்த கிழமையில இருந்து வராதீங்க."

"நீ வருவியா?"

"வருவேன்."

"அப்ப எனக்கு மட்டும் என்ன?"

"நான் வெல்றேன். நீங்க தோக்குறீங்க. ஒரு நாளும் வெல்ல மாட்டீங்க. நீங்க விளையாடுற மாதிரி விளையாடினா யாரும் வெல்ல ஏலாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத்தளையில் இறங்கும்போது, "சீட்டு சரியில்லாத காலம் இது. மாறும்" என்று மட்டும் சொன்னார். மணிக்கட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் என் வருமானம் பாதியாகும் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுசனிக்கிழமை அவர் வந்தார். எனக்குத் தலையை ஆட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். ரத்தொட்டையிலிருந்து மாத்தளைக்கும், அங்கிருந்து உக்குவளைக்கும் இரண்டு பஸ் மாறி, ஒரு பை நிறைய பட்டர் புரூட் பழங்களோடு வந்திருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கணவரைச் சுகம் விசாரித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சிவப்பு சிப், நடுவில் கசினோவின் பெயர்.

"சட்டை துவைக்கிறப்ப இருந்திச்சும்மா. நீ கொழும்புல அந்தமாதிரி எடத்துல வேல செஞ்சவன்னு அவருதான் ஒருக்கா சொன்னாரு. சனிக்கெழம பஸ்ல உன்னையக் காணுறதாவும் சொல்வாரு. இது என்னா?"

நான் சொன்னேன். அது கசினோவில் காசுக்குப் பதில் கட்டுவது, அவர் அங்கே போகிறார் என்று மட்டும் சொன்னேன்.

அவர் அழவில்லை. "கிளினிக்குன்னாரு. ஒவ்வொரு கெழமையும் நானே சோறு கட்டிக் குடுத்தேன்" என்றார். "செவுரு எழுப்பி ஒன்றர வருசமாச்சு. கூரைக்கு வச்சிருந்த காசு பேங்குல இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து புத்தகத்தப் பாத்தேன். ஒண்ணுமில்ல. தறப்பாளுக்குக் கீழதாம்மா படுக்கிறோம். ரிவர்ஸ்டன் மலப் பக்கமிருந்து காத்து வந்தா அதையும் தூக்கிக்கிட்டுப் போயிருது."

பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அந்தக் காச எல்லாம் யாரும்மா எடுக்கிறா?"

அறைக்குள்ளே கட்டிலில் கணவர் விழித்திருந்தார். காற்று மெத்தையின் மோட்டார் சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

"கம்பெனிதாங்க எடுக்கும்" என்றேன்.

"அவங்க நல்லா இருக்க மாட்டாங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு, ஏதோ உதவி செய்பவள்போல, ஒரு வழி இருக்கிறது என்று சொன்னேன். குடும்பத்தார் எழுத்தில் கேட்டால் சில இடங்களில் அந்த ஆளை உள்ளே விடாமல் தடுப்பார்கள். வேலை செய்த காலத்தில் பார்த்திருக்கிறேன். கடிதத்தை நானே சிங்களத்தில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு, டாக்டரையா நிற்கும் கலியாண வீட்டுப் படம் ஒன்றையும் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன்னைய நம்பித்தாம்மா வந்தேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை முந்திப் போய்க் கடிதத்தை வரவேற்பு மேசையில் கொடுத்தேன். டாக்டரையாவை வாசலில் நிறுத்தினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என்னைக் கண்டார். நான் மறைந்து நிற்கவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை.

"நீயா புள்ள?" என்று அவருடைய வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் படியிறங்கிப் போனார்.

நான் உள்ளே போய் மேசையில் உட்கார்ந்தேன். அவருடைய இடத்தில் ஒல்லியான ஓர் ஆள் இருந்தார். என்னைப்போலவே சீட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணிவரை விளையாடி பஸ் செலவுகூடக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதங்களும் அப்படித்தான்; முன்பு அள்ளிக் கட்டிய பழைய ஆட்களில் பலர் அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு அந்த ஒரு மனிதர் என்பது அப்போது தெரிந்தது.

டாக்டரையா திருந்தவில்லை. ஆவணியில் மாத்தளை டவுனில் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டும் கடை வாசலில் அவரைக் கண்டேன். பேனையால் ஒரு துண்டுக் கடதாசியில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. நான் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விட்டேன்.

மார்கழி மழையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் தெளிவில்லை. கேள்விப்பட்டதும் கணவரிடம் சொன்னேன். அவர், "மருந்துக்குப் போனது போக இருக்கிறதக் குடுத்திரு" என்றார். ஒதுக்கி வைத்திருந்த ஆட்டக் காசு முழுவதையும், அதோடு கடை முதலாளியிடம் கேட்டு வாங்கிய முன்பணத்தையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு ரத்தொட்டைக்குப் போனேன். எடுத்ததில் அது பாதிகூட இல்லை.

பூசாத சுவர், மேலே நீலத் தறப்பாள், மூலைக்கு மூலை வாளி. டாக்டரையா கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். வாசலில் நின்றுகொண்டே அவருடைய மனைவியிடம் உறையை நீட்டினேன்.

"கம்பெனின்னு பொய் சொன்னேங்க. அதே மேசையில நானும் விளையாடினேன். அவர் தோத்ததுல பெரும்பகுதி எனக்குத்தான் வந்திச்சு."

அவர் வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, வாளியை அதே இடத்தில் வைத்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"தெரியும். வாசல்ல நிப்பாட்டுன அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. எவனோ எடுக்கிறதுக்கு அந்தப் புள்ள எடுத்தது பரவாயில்ல, அதுட புருசன் படுக்கையில கெடக்கிறான்னு சொன்னாரு. அவருக்குப் பரவாயில்லயாம். எனக்கு அப்பிடி இல்ல."

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரலைங்க."

"கேக்காத. காச அந்த மேச மேல வச்சிட்டுப் போ. கூரைக்கு வேணும். இனி இந்தப் பக்கம் வராத."

வைத்துவிட்டு வந்தேன். மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் இடமிருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பங்குனியில் அந்த வீட்டுக்குத் தகரம் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். டாக்டரையா இன்னும் படுக்கையில்தான்.

நான் மூன்று மாதம் கொழும்புக்குப் போகவில்லை. அந்த மூன்று மாதத்தில் மருந்து விலை இரண்டு தடவை ஏறியது. கடை முன்பணம் சம்பளத்தில் கழிந்தது. நாலாம் மாதம் ஒரு சனிக்கிழமை நான் விடியற்காலையில் எழும்பித் தேத்தண்ணி ஊற்றும்போது, அவர் கட்டிலிலிருந்து, "குடைய எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அன்று மேசையில் புதிதாக ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கொரியாவில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவராம், வந்த உடனேயே எல்லாரிடமும் பேச்சுக் கொடுத்தார். வந்த சீட்டு எல்லாவற்றுக்கும் கட்டினார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளைப் பார்க்கத் தொடங்கினேன்.